ஒரே லில்லிப்பூ, வேறு வேறு வேலை: பழைய ஐரோப்பியக் காசுகளிலும் கணக்கு வில்லைகளிலும் உள்ள சின்னங்கள்

இங்கிலாந்தில் உழுது போட்ட வயல்களில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் கையில் அடிக்கடி சிக்கும் பொருள் ஒன்று உண்டு. நம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும், ஆனால் அதைவிட மெல்லியது. மண்ணைத் துடைத்தால் மஞ்சளாகப் பளிச்சிடும். ஒரு பக்கம் நடுவில் குட்டி ரோஜா. அதைச் சுற்றி மூன்று கிரீடமும் மூன்று லில்லிப்பூவும் மாறி மாறி. மறுபக்கம் மூன்று வளைவுள்ள ஒரு சட்டம். அதற்குள் தலையில் சிலுவை வைத்த உருண்டை. விளிம்பு முழுக்க எழுத்து.

கிரீடம் இருக்கிறது, லில்லி இருக்கிறது, சிலுவை இருக்கிறது. ஏதோ ராஜா அடித்த தங்கக்காசு என்று மனசு துள்ளத்தான் செய்யும். ஆனால் அது தங்கமும் இல்லை, காசும் இல்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துப் பட்டறைகளில் அடித்துத் தள்ளிய பித்தளை வில்லை. அதை நீட்டினால் அந்தக் காலத்தில் அரை ரொட்டிகூடக் கிடைத்திருக்காது.

அப்படியானால் அதில் கிரீடம் எதற்கு? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பழைய ஐரோப்பியக் காசுகளில் உள்ள சிங்கம், கழுகு, கோட்டை எல்லாவற்றையும் வாசிக்கும் வழி கிடைத்துவிடும்.

முதலில் அந்த வில்லைக்கு என்ன வேலை என்று பார்ப்போம்.

அன்றைய ஐரோப்பாவில் கணக்கு எழுதியது ரோமன் எண்களில். LXXVIII-யும் XLVII-யும் கூட்டு என்று தாளில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் தலை சுற்றும். அதனால் விடையை மட்டும் எழுதுவார்கள். கூட்டல் கழித்தலை ஒரு பலகையிலோ துணியிலோ கோடு போட்டு, வில்லைகளை வைத்து நகர்த்திச் செய்வார்கள். கீழ்க்கோடு ஒன்று, அதற்கு மேல் பத்து, அதற்கும் மேல் நூறு. இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கும் மதிப்பு உண்டு: ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே ஐந்து, பத்துக்கும் நூறுக்கும் நடுவே ஐம்பது.

செய்தே பார்க்கலாம். 78 என்றால் ஐம்பதில் ஒரு வில்லை, பத்தில் இரண்டு, ஐந்தில் ஒன்று, ஒன்றில் மூன்று. அதன் பக்கத்திலேயே 47-ஐயும் வையுங்கள்: பத்தில் நான்கு, ஐந்தில் ஒன்று, ஒன்றில் இரண்டு. இப்போது கீழிருந்து கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். ஒன்றில் ஐந்து வில்லை சேர்ந்துவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு ஐந்தில் ஒன்று வையுங்கள். ஐந்தில் இப்போது மூன்று. இரண்டை எடுத்துவிட்டுப் பத்தில் ஒன்று. பத்தில் ஏழாகிவிட்டது, ஐந்தை எடுத்துவிட்டு ஐம்பதில் ஒன்று. ஐம்பதில் இரண்டு, இரண்டையும் எடுத்துவிட்டு நூறில் ஒன்று. பலகையில் மிச்சம் என்ன? நூறில் ஒன்று, பத்தில் இரண்டு, ஐந்தில் ஒன்று. 125. எழுதத் தெரியாதவர்கூட இதைச் செய்யலாம். ஜெர்மனியில் ஆடம் ரீஸ் என்பவர் 1518-இல் இந்தக் கோட்டுக் கணக்குக்கு ஒரு பாடப்புத்தகமே போட்டார். இன்றைக்கும் கணக்கு சரி என்று அடித்துச் சொல்ல ஜெர்மானியர்கள் அவர் பெயரைத்தான் இழுப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வில்லைக்கென்று சொந்த மதிப்பு கிடையாது. வைத்த இடம்தான் மதிப்பு. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அரசவைக்காரர்களை இப்படித்தான் கிண்டல் செய்தார்: கணக்குப் பலகையில் உள்ள காய் மாதிரி, கணக்குப் போடுகிறவன் மனசு வைத்தால் இந்த நிமிஷம் செப்புக்காசு, அடுத்த நிமிஷம் பெரும் புதையல். அவர் சொல்லி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பிரெஞ்சில் இந்த வில்லைக்கு ஜெட்டன் என்று பெயர். ‘எறி, போடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. பலகையில் போடுவதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் கவுண்டர், அதாவது எண்ண உதவுவது. வில்லை வைத்து எண்ணிய மேஜைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் டிக்கெட் கவுண்டர் என்று சொல்கிறோமே, அந்தக் கவுண்டரின் பூர்வீகம் இந்த மேஜைதான்.

மேஜைகளிலேயே புகழ்பெற்றது இங்கிலாந்து அரசனின் வரவுசெலவு மேஜை. அரசப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் 1170-களின் கடைசியில் அதைப் பற்றி விவரமாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், பண்டம் உருண்டு விழாமல் இருக்க நாலு விரல் உயரத்துக்கு ஓரம். மேலே கறுப்புத் துணி, அதில் கோடுகள். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே எக்ஸ்செக்கர், அதாவது சதுரங்கப் பலகை, என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் பட்டம். அந்த மேஜையில் முதலில் தனி வில்லை கிடையாது, நிஜக் காசுகளையே நகர்த்தினார்கள். எண்ணுவதற்கென்றே தனியாக அச்சடித்த வில்லைகள் 13-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் தலைகாட்டுகின்றன.

கேடயத்திலிருந்து காசுக்கு

சரி, சின்னத்துக்கு வருவோம். ஹெரால்ட்ரி என்று சொல்லும் குலச்சின்ன முறை 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் உருவெடுத்தது. வெறும் அடையாளப் படம் உலகம் முழுக்க எல்லாக் காலத்திலும் இருந்ததுதானே. இதில் புதிது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட படம், குறிப்பிட்ட நிறத்தில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தம்; அப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும் என்பது. சொத்து மாதிரி. கல்யாணத்தில் இரண்டு நாடுகள் சேர்ந்தால் இரண்டு சின்னமும் ஒரே கேடயத்தில் சேரும்.

இதற்கு ஸ்பெயினைவிட நல்ல உதாரணம் இல்லை. காஸ்டீல் என்றால் கோட்டை. அந்நாட்டுச் சின்னம் கோட்டை. லெயோன் நாட்டின் சின்னம் சிங்கம். பெயரும் சிங்கத்துக்கான சொல்லும் ஒரே ஒலி. 1230-இல் மூன்றாம் ஃபெர்னாண்டோ இரண்டு நாட்டுக்கும் அரசனானதும் கேடயத்தை நான்காகப் பிரித்துக் கோட்டை, சிங்கம், சிங்கம், கோட்டை என்று போட்டார். 1492-இல் கிரனாடா பிடிபட்டதும் கேடயத்தின் அடியில் ஒரு மாதுளம்பழம் சேர்ந்தது. ஸ்பானிய மொழியில் கிரனாடா என்றால் மாதுளை! இப்படிப் பெயரையே படமாகப் போடுவதைப் பேசும் சின்னம் என்பார்கள். படிக்கத் தெரியாதவனும் காசைப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவான். காசு விளிம்பில் எழுத்தெல்லாம் லத்தீன் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

காசில் கேடயம் ஏறியதற்கு ஒரு நல்ல ஆண்டு சொல்ல வேண்டுமானால் 1266. பிரான்ஸின் ஒன்பதாம் லூயி அடித்த தங்கக்காசில் லில்லிப்பூ இறைந்த கேடயம் பெரிதாக இருந்தது. அதனால் காசின் பெயரே எக்கூ, அதாவது கேடயம். இத்தாலியின் ஸ்கூடோ, போர்த்துக்கல்லின் எஸ்குடோ எல்லாம் அதே அர்த்தம்தான். போர்த்துக்கீசியர்கள் 2002 வரைக்கும் கேடயத்தைக் கொடுத்துத்தான் காய்கறி வாங்கினார்கள் என்று சொல்லலாம்.

காசில் உள்ள சின்னத்தின் வேலை ஒன்றே ஒன்று: பொறுப்பேற்பது. ‘இதன் எடைக்கும் தரத்துக்கும் நான் ஜவாப்’ என்று அடித்தவன் போடும் கையெழுத்து அது.

இங்கே புதியவர்கள் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நானும் வழுக்கியிருக்கிறேன். லில்லியைப் பார்த்ததும் பிரான்ஸ் என்று சொல்லிவிடுவது. ஃப்ளாரன்ஸ் நகரத்தின் சின்னமும் லில்லிதான். 1252-இல் அந்த நகரம் அடித்த மூன்றரை கிராம் தங்கக்காசில் ஒரு பக்கம் லில்லி, மறுபக்கம் யோவான் ஸ்நானகர். ஃப்ளோரின் என்ற பெயரே பூவிலிருந்து வந்தது. இரண்டு லில்லியையும் பிரித்துப் பார்க்க இதழ்களுக்கு நடுவே பாருங்கள். ஃப்ளாரன்ஸ் லில்லியில் இதழ்களுக்கிடையே மகரந்தக் காம்புகள் மெல்லிசாக எட்டிப் பார்க்கும். பிரெஞ்சு லில்லி மொட்டையாக, ஈட்டி முனை போல இருக்கும். ஃப்ளோரின் காசின் தரம் அவ்வளவு பேர் வாங்கியதால் ஐரோப்பா முழுக்க அந்த லில்லியை அப்படியே நகலெடுத்தார்கள். ஹங்கேரி உட்பட. அந்நாட்டு நாணயம் இன்றும் ஃபோரிண்ட்.

இங்கிலாந்துக்காரர்களின் லில்லி கதை இன்னும் சுவாரசியம். 1340-இல் மூன்றாம் எட்வர்ட், பிரான்ஸின் அரியணை தனக்குத்தான் சேர வேண்டும் என்று சொல்லி, தன் மூன்று சிங்கத்தோடு பிரெஞ்சு லில்லியையும் ஒரே கேடயத்தில் போட்டுக்கொண்டார். அவர் அடித்த நோபிள் என்ற தங்கக்காசில் அரசன் கப்பலில் நிற்பார், கையில் அந்தக் கேடயம். 1360-இல் சமாதானம் பேசியபோது பிரான்ஸ் அரசன் என்ற பட்டத்தை விட்டுக்கொடுத்தார். காசின் எழுத்திலிருந்தும் அந்தச் சொல் போய்விட்டது. ஆனால் கேடயத்தில் லில்லி அப்படியே இருந்தது! 1369-இல் சண்டை திரும்ப மூண்டதும் சொல்லும் திரும்ப வந்துவிட்டது. அந்த லில்லி இங்கிலாந்து அரசச் சின்னத்திலிருந்து ஒருவழியாக இறங்கியது 1801-இல். பிரான்ஸில் அரசனே இல்லாமல் போன பிறகு.

அந்த லில்லியை எண்ணினால் காலமும் தெரியும். பழைய பிரெஞ்சுக் கேடயத்தில் லில்லிகள் விதைத்த மாதிரி இறைந்து கிடக்கும். 1370-களில் ஐந்தாம் சார்ல்ஸ் அவற்றை மூன்றாகக் குறைத்தார். இங்கிலாந்து கொஞ்ச காலம் கழித்து, நான்காம் ஹென்றி காலத்தில், அதைப் பின்பற்றியது. ஆக, கேடயத்தின் லில்லிப் பகுதியில் பூ இறைந்து கிடந்தால் காசு முந்தியது, மூன்றே மூன்று என்றால் பிந்தியது.

நிறம் இல்லாத சிங்கங்கள்

குலச்சின்னத்தில் நிறம்தான் பாதி உயிர். காசில் நிறம் கிடையாதே! அங்கேதான் சங்கடம். இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃப்ளாண்டர்ஸின் சின்னம் பொன் தரையில் கறுப்புச் சிங்கம். பக்கத்து ஹாலந்தின் சின்னம் பொன் தரையில் சிவப்புச் சிங்கம். இன்னொரு பக்கத்து வீடான பிராபண்டின் சின்னம் கறுப்புத் தரையில் பொன் சிங்கம். மூன்றும் பின்கால்களில் நிமிர்ந்து பாயும் சிங்கங்கள். கொடியில் பார்த்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். வெள்ளிக்காசில் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி.

இந்தக் குழப்பத்தால் லாபம் பார்த்தவர்களும் உண்டு. 1337-இல் ஃப்ளாண்டர்ஸ் அடித்த சிங்க வெள்ளிக்காசு சந்தையில் நன்றாக ஓடியது. சுற்றியிருந்த ஆட்சியாளர்கள் வரிசையாக அதே மாதிரிச் சிங்கக் காசு அடித்தார்கள். எங்கள் சின்னமும் சிங்கம்தானே என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? 17-ஆம் நூற்றாண்டில்தான் ஒரு வழி பிறந்தது: கோடு குறுக்கே போனால் நீலம், நெட்டுக்கு நின்றால் சிவப்பு, புள்ளி வைத்தால் பொன், ஒன்றுமில்லாமல் விட்டால் வெள்ளி. பிற்காலக் காசுகளின் கேடயத்தில் மெல்லிய கோடுகளைப் பார்த்தால் அவை அலங்காரம் இல்லை, நிறம்.

கோடு இல்லாத காலத்தில் விலங்கு நிற்கும் தோரணையைத்தான் நம்ப வேண்டும். இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள் நிமிர்ந்து பாயாது. நடந்துகொண்டே முகத்தை நம் பக்கம் திருப்பிப் பார்க்கும். இப்படி நடக்கும் சிங்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சிறுத்தை என்றார்கள். 1344-இல் எட்வர்ட் அடித்த ஒரு தங்கக்காசுக்கு லெப்பர்ட் என்றே பெயர் வந்தது இதனால்தான். போஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதி, அதன் சிங்கத்துக்கு இரண்டு வால். 1300-இலிருந்து அடித்த பிராக் வெள்ளிக்காசுகளில் அந்த இரட்டை வாலைத் தெளிவாகப் பார்க்கலாம்.

திரும்ப வில்லைக்கு

பிரான்ஸில் முதல் வில்லைகள் சாமானியர்களுக்காக அடித்தவை இல்லை. அரசனின் கணக்கு மன்றம், அரண்மனையின் துறைகள், பெரிய பிரபுக்களின் நிர்வாகம், இவர்களுக்காக அடித்தவை. அதனால் அந்த வில்லையில் உள்ள லில்லி, காசின் லில்லி சொல்வதைச் சொல்லவில்லை. எடைக்கும் தரத்துக்கும் அங்கே வேலையே இல்லையே. ‘இது இன்னார் அலுவலகத்துச் சாமான்’ என்று மட்டும் சொன்னது. அலுவலக நாற்காலியின் முதுகில் பெயிண்டால் துறைப் பெயர் எழுதி வைப்பார்களே, அது மாதிரி.

அதனாலேயே ஆராய்ச்சிக்காரர்களுக்கு இவை தங்கத்தைவிடப் பிரியமானவை. 1349-இல் டோஃபினே என்ற பகுதி பிரெஞ்சு அரச குடும்பத்தின் கைக்கு வந்தது; அதன் சின்னம் டால்ஃபின் மீன். இதுவும் பேசும் சின்னம்தான். அதன் பிறகு பட்டத்து இளவரசருக்கே டோஃபேன், அதாவது டால்ஃபின், என்று பெயர். வில்லையில் லில்லியும் டால்ஃபினும் நான்கு கட்டத்தில் மாறி மாறி இருந்தால் இளவரசர் வீட்டுக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அரசச் சின்னத்தோடு வட்டமான பித்தளை என்றால் திருட்டு யோசனை வராமல் இருக்குமா? தங்கமுலாம் பூசினால் எக்கூ, வெள்ளி முலாம் பூசினால் பென்னி. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து இங்கிலாந்தில் அடித்த வில்லைகள் பல, பார்க்க அச்சு அசல் எட்வர்டுகளின் வெள்ளிப் பென்னி மாதிரியே இருக்கும். வித்தியாசம் இரண்டு. விளிம்பில் எழுத்துக்குப் பதில் புள்ளியும் கோடும். நடுவில் ஒரு துளை, அல்லது துளைக்க ஆரம்பித்து விட்ட பள்ளம். முலாம் பூசி யாரும் சந்தையில் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே குத்தியது என்று இந்தத் துளைக்குக் காரணம் சொல்வார்கள்.

அப்புறம் வந்தது நியூரம்பெர்க். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கணக்கு வில்லைச் சந்தை ஏறக்குறைய முழுசாக அந்த ஒரே ஊர்ப் பட்டறைகளின் கைக்குப் போனது. அங்கே பித்தளை வேலை பரம்பரைத் தொழில். ஷுல்டெஸ், க்ராவ்வின்கல், லாஃபர் என்று குடும்பம் குடும்பமாகச் செய்தார்கள். இப்போது வாடிக்கையாளர் அரண்மனை இல்லை. மளிகை வியாபாரி, துணி வியாபாரி, துறைமுகக் குமாஸ்தா. அவர்களுக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. யாருக்கு வேண்டுமானாலும் விற்கக்கூடிய பொதுவான ஒரு படம் வேண்டும். பார்க்கக் கொஞ்சம் கௌரவமாகவும் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பார்த்த வில்லையை மறுபடி எடுத்துக்கொள்வோம். சிலுவை உருண்டை, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசரின் சின்னம். அன்றைய பேரரசுத் தங்கக்காசுகளில் இதே உருண்டை இதே வளைவுச் சட்டத்துக்குள் இருந்தது. நிஜமான உருண்டையும் 1424-லிருந்து நியூரம்பெர்க் நகரத்திலேயே பத்திரமாக இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் அதை வில்லையில் போட்டது பேரரசர் சொல்லி இல்லை. கிரீடமும் லில்லியும் எந்த ராஜாவையும் குறிக்கவில்லை. இங்கே சின்னம் வெறும் ஜோடனை. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மயில் போடுவோமே, அவ்வளவுதான். கப்பல் போட்ட வில்லைகளும் அதே ஊரில் ஏராளம்; அவற்றின் மறுபக்கம் சாய்சதுரத்துக்குள் நான்கு லில்லி. விளிம்பு எழுத்தை வாசிக்கப் போனால் பலவற்றில் ஒரு சொல்லும் தேறாது. பழைய வில்லையின் எழுத்தைப் பார்த்து, அர்த்தம் தெரியாமலே வரைந்து தள்ளியிருக்கிறார்கள். எழுத்தும் அலங்காரம்!

பிறகு பட்டறைக்காரர்கள் தங்கள் பெயரையே போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஹன்ஸ் க்ராவ்வின்கல் 1586 முதல் 1635 வரை தொழில் செய்தவர். அவர் பெயர் உள்ள வில்லை கிடைத்தால் காலம் தானாகக் கையில் வந்துவிடும். அமெரிக்காவில் 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுனில்கூட அவருடைய வில்லைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பெயரோடு பழமொழியும் வரும். ‘கடவுள் அருள் செல்வம் தரும்’ என்று ஒன்று. ‘இன்று சிவந்த முகம், நாளை பிணம்’ என்று இன்னொன்று. நாள் முழுக்கப் பிறர் பணத்தை எண்ணும் குமாஸ்தாவின் விரலுக்கடியில் இந்த வாக்கியம் கிடந்திருக்கிறது.

ஆகவே ஒரு பழைய வட்டத் தகட்டில் சின்னத்தைப் பார்த்தால், இது யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் இது இங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள். பொன்னா வெள்ளியா பித்தளையா, எழுத்து அரசன் பெயரா பட்டறைக்காரன் பெயரா கிறுக்கலா, நடுவில் துளை உண்டா, பூ எத்தனை. இவ்வளவையும் பார்த்துவிட்டு அப்புறம் சிங்கத்திடம் போகலாம்.

நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் ஒரு பயிற்சிக் காசும் உண்டு, காலத்தால் பிந்தியதுதான் என்றாலும். நாம் துட்டு என்று சொல்வது டச்சுக்காரர்களின் செப்புக்காசான டொய்ட்டிலிருந்து வந்தது என்பார்கள். 1726 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அடித்த டொய்ட்டுகள் இலங்கையில் தாராளமாகப் புழங்கின. ஒரு பக்கம் பின்னிப்பிணைந்த வி.ஓ.சி. (VOC) எழுத்து, கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம்; அது கம்பெனி முத்திரை, எல்லாவற்றிலும் ஒன்றுதான். திருப்பிப் பாருங்கள், அங்கே ஒரு கேடயம் இருக்கும். எந்த மாகாணம் அடித்தது என்பதை அது சொல்லும். அதில் சிங்கம் இடுப்புவரை மட்டும் தெரிந்து, கீழ்ப்பாதியில் அலை அலையாகக் கோடு ஓடினால், கடலிலிருந்து எழும் அந்தச் சிங்கம் ஸீலாந்து மாகாணத்துடையது.